விதிக்கு முன் வந்த விலக்கு: கரிமப் பதிலீட்டு வினைகளில் அண்டைத் தொகுதிப் பங்கேற்பு எனும் கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கரிம மூலக்கூறில் வெளியேறும் தொகுதிக்கு அருகிலுள்ள மற்றொரு தொகுதி, பதிலீட்டு வினையில் தானே கருக்கவர் பொருளாகச் செயல்படுவது அண்டைத் தொகுதிப் பங்கேற்பு எனப்படும். பாடநூல்கள் இதனை இருமூலக்கூறு, ஒருமூலக்கூறு வழிமுறைகளைக் கற்பித்த பின்னர் ஒரு விலக்காக அறிமுகப்படுத்துகின்றன. வரலாற்றில் விலக்கே முதலில் வந்தது. பதிலீட்டின்போது புறவெளி அமைப்பு தலைகீழாவதை 1896-இல் முதன்முதலில் வெளிப்படுத்திய சேர்மமே அண்டைத் தொகுதியைத் தன்னுள் கொண்டிருந்தது. அப்புதிர் நாற்பது ஆண்டுகள் அவிழாமல் இருந்ததற்கு அதுவே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பங்கேற்புக் கருத்தின் முதன்மையை யாருக்கு அளிப்பது என்னும் வினாவும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அண்டைத் தொகுதி, பதிலீட்டு வினை, வால்டன் தலைகீழ் மாற்றம், லாக்டோன், புரோமோனியம் அயனி, சால் வின்ஸ்டீன், கடுகு வாயு.

முன்னுரை

கரிமச் சேர்மத்தில் ஒரு கார்பன் அணுவோடு இணைந்திருக்கும் தொகுதி நீங்க, அதன் இடத்தை வேறொன்று பெறுவது பதிலீட்டு வினையாகும். எலக்ட்ரான் இணையை வழங்கும் கருக்கவர் பொருளால் இவ்வினை நிகழும்போது அதற்கு இரு வழிகள் உண்டு என்பது பட்டப்படிப்பு மாணவர் அறிந்த பாடம். கருக்கவர் பொருள் வெளியேறும் தொகுதியின் பின்புறமிருந்து தாக்கினால், கார்பனின் ஏனைய மூன்று பிணைப்புகளும் பெருங்காற்றில் மடங்கிய குடைக் கம்பிகளைப் போல மறுபக்கம் சாயும்; புறவெளி அமைப்பு தலைகீழாகும். இது இருமூலக்கூறு வழி. வெளியேறும் தொகுதி முதலில் தனியே பிரிந்தால் தட்டையான கார்பன் நேரயனி தோன்றும். அதன் இருபக்கமும் தாக்குதலுக்கு இடமிருப்பதால் வலஞ்சுழி, இடஞ்சுழி வடிவங்கள் கலந்து ஒளிச்சுழற்சி அற்ற சுழிமாய்க் கலவை கிடைக்கும். இது ஒருமூலக்கூறு வழி.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் விளைவும் உண்டு. சில வினைகளில் தொகுதி மாறிய பின்னும் தொடக்க அமைப்பு அப்படியே தக்கவைக்கப்படுகிறது. இதை விளக்கவே அண்டைத் தொகுதி பாடத்திற்குள் வருகிறது. பக்கத்துக் கார்பனில் உள்ள தொகுதி முதலில் பின்புறமிருந்து தாக்கி, வெளியேறும் தொகுதியை அகற்றி, ஒரு சிறு வளையத்தை உருவாக்குகிறது. பிறகு வெளியிலிருந்து வரும் கருக்கவர் பொருள் அந்த வளையத்தை மறுபடியும் பின்புறமிருந்து திறக்கிறது. இருமுறை தலைகீழான அமைப்பு தொடக்கத்தில் இருந்த நிலைக்கே வந்துசேர்கிறது. ஆகவே அமைப்பு தக்கவைக்கப்படுதல் விதியை மீறிய செயலன்று. ஒரே விதி இருமுறை செயல்பட்டதன் விளைவு.

கற்பிப்பதற்கு இந்த வரிசை வசதியானது. ஆனால் இதையே வரலாற்றின் வரிசையாகக் கொண்டால், திறமை மிக்க ஆய்வாளர் பலர் நாற்பது ஆண்டுகள் ஒரே புதிரைச் சுற்றிவந்தது ஏன் என்பது விளங்காமலே போகும்.

ரீகாவில் எழுந்த புதிர்

பவுல் வால்டன் அன்றைய ரஷ்யப் பேரரசின் லாத்வியப் பகுதியில் பிறந்து, ரீகா பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றியவர். 1896-இல் அவர் வெளியிட்ட ஆய்வு மாலிக் அமிலத்தைப் பற்றியது. ஆப்பிள் முதலிய கனிகளின் புளிப்புக்குக் காரணமான இந்த அமிலம் இயற்கையில் இடஞ்சுழியாகக் கிடைக்கிறது. அதைப் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுடன் வினைப்படுத்தியபோது வலஞ்சுழிக் குளோரோசக்சினிக் அமிலம் கிடைத்தது. இதனை ஈரமான வெள்ளி ஆக்சைடுடன் சேர்த்தபோது மாலிக் அமிலம் திரும்பக் கிடைத்தது. ஆனால் இம்முறை அது வலஞ்சுழி. அதே குளோரோசக்சினிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தாலோ தொடங்கிய இடஞ்சுழி மாலிக் அமிலமே கிடைத்தது.

ஒரே பொருளிலிருந்து, ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்ப்பது என்னும் ஒரே மாற்றத்தின் வழியே, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரு பொருள்கள் கிடைத்தன. எங்கோ ஒரு படியில் அமைப்பு தலைகீழாகியிருக்க வேண்டும் என்பது உறுதி. எந்தப் படியில் என்பதைச் சொல்ல வழியில்லை. ஒளி சுழலும் திசையைக் கொண்டு அணுக்களின் புறவெளி அமைப்பை அறிய இயலாது. அமைப்பு மாறாமலே சுழற்சித் திசை மாறுவதும், அமைப்பு மாறியும் திசை மாறாதிருப்பதும் உண்டு. வால்டன் கையில் இருந்தது சுழற்சித் திசை மட்டுமே.

இன்று அறிந்ததைக் கொண்டு திரும்பிப் பார்த்தால் விடை எளிதாகத் தெரிகிறது. குளோரினேற்றப் படியில் அமைப்பு தலைகீழாகிறது. ஹைட்ராக்சைடு படியில் மீண்டும் தலைகீழாகிறது. வெள்ளி ஆக்சைடு படியில் மட்டும் அது தக்கவைக்கப்படுகிறது. குளோரோசக்சினிக் அமிலத்தின் நான்கு கார்பன்களில் இரண்டு கார்பாக்சில் தொகுதிகளைச் சேர்ந்தவை. ஒரு கார்பாக்சில் குளோரின் தாங்கிய கார்பனிலேயே இணைந்திருக்கிறது. மற்றொன்று ஒரு கார்பன் தள்ளி இருக்கிறது. எனவே குளோரின் வெளியேறும் இடத்திற்கு இருபுறமும் எலக்ட்ரான் வளமிக்க அண்டைகள் இருந்தன. தலைகீழ் மாற்றத்தை உலகுக்குக் காட்டிய மூலக்கூறு, அம்மாற்றத்தைத் தூய வடிவில் ஆய்வதற்குச் சற்றும் பொருத்தமற்ற மூலக்கூறாக அமைந்தது.

பிஷரின் எஸ்டரும் ஹோல்ம்பெர்க்கின் லாக்டோனும்

வால்டனின் கண்டுபிடிப்பைப் பாஸ்டரின் ஆய்வுகளுக்குப் பின் ஒளிச்சுழற்சித் துறையில் நிகழ்ந்த மிக வியப்பான ஒன்றாக எமில் பிஷர் மதித்தார். 1907 முதல் அவர் அமினோ அமிலங்களைக் கொண்டு இப்புதிரை அணுகினார். அலனினின் அமினோத் தொகுதியை நைட்ரோசில் புரோமைடின் துணையால் நீக்கிப் புரோமினை இடும்போது புரோமோபுரோப்பியானிக் அமிலம் கிடைக்கிறது. அலனினின் எஸ்டரைக் கொண்டு அதே வினையைச் செய்தபோது எதிர் அமைப்புடைய விளைபொருள் கிடைத்தது. வினைக் காரணி ஒன்றே. வினை நிகழும் கார்பனும் ஒன்றே. மாறியது பக்கத்துக் கார்பாக்சில் தொகுதி அமிலமாக இருந்ததா, எஸ்டராக மூடப்பட்டிருந்ததா என்பது மட்டுமே.

அண்டைத் தொகுதியின் கைவரிசை இதைவிடத் தெளிவாக வெளிப்பட்ட சோதனை அக்காலத்தில் வேறில்லை எனலாம். ஆனால் அதைப் படிக்கும் மொழி அப்போது உருவாகியிருக்கவில்லை. பதிலீட்டின் இயல்பான விளைவு எது என்பதே தெரியாத நிலையில், எஸ்டரின் வினை இயல்பானதா, அமிலத்தின் வினை இயல்பானதா என்று தீர்மானிக்க அடிப்படை இல்லை. விதி இல்லாத இடத்தில் விலக்கை அடையாளம் காண இயலாது.

சுவீடன் நாட்டு வேதியியலர் புரோர் ஹோல்ம்பெர்க் 1910-களில் இன்னும் அருகில் சென்றார். ஹாலோசக்சினிக் அமில உப்புகளிலிருந்து ஹாலஜன் நேராக ஹைட்ராக்சிலாக மாறிவிடுவதில்லை என்பதையும், இடையில் நான்கணு வளையமுடைய பீட்டா-லாக்டோன் ஒன்று உருவாகிறது என்பதையும் அவர் காட்டினார். ஒரு கார்பன் தள்ளியிருந்த கார்பாக்சிலேட்டின் ஆக்சிஜன், ஹாலஜன் தாங்கிய கார்பனைத் தாக்கி வளையத்தை மூடுகிறது என்பதே இதன் பொருள்.

இந்த வளையத்தைத் திறக்க இரண்டு இடங்கள் உண்டு. கார்பனைல் கார்பனில் தாக்கித் திறந்தால் சீர்மையற்ற கார்பன் தொடப்படுவதில்லை. வளையம் மூடியபோது ஏற்பட்ட ஒற்றைத் தலைகீழ் மாற்றம் அப்படியே நிலைக்கிறது. சீர்மையற்ற கார்பனிலேயே தாக்கித் திறந்தால் இரண்டாம் தலைகீழ் மாற்றம் நிகழ்ந்து பழைய அமைப்பு மீள்கிறது. வால்டனுக்குக் கிடைத்த இருவேறு விளைவுகளையும் ஒரே இடைநிலைப் பொருளின் இரு வாயில்களாகக் கொள்ள இயலும். காரக் கரைசலில் பெரும்பாலும் முதல் வாயிலும், நடுநிலை நீரில் இரண்டாம் வாயிலும் திறக்கின்றன என்பதற்கான தெளிவான சான்று, 1938-இல் ஓல்சனும் மில்லரும் பீட்டா-பியூட்டிரோலாக்டோனைக் கொண்டு செய்த ஆய்வில்தான் கிட்டியது. ஹோல்ம்பெர்க்கின் லாக்டோன் அதுவரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருந்தது.

அண்டையை விலக்கியபின் கிடைத்த விதி

புதிரை அவிழ்க்கும் திறவுகோல் இலண்டனில் பாட்டர்சி பல்தொழில்நுட்பக் கல்லூரியில் கிடைத்தது. ஜோசப் கென்யனும் ஹென்றி பிலிப்சும் தேர்ந்தெடுத்த சேர்மத்தில் கார்பாக்சில் இல்லை. ஒளிச்சுழற்சியுடைய 1-ஃபீனைல்-2-புரோப்பனால் என்னும் ஆல்கஹாலை எடுத்து, அதை டோசிலேட்டாக மாற்றினர். இப்படியில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு மட்டுமே முறிகிறது. கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு தொடப்படுவதில்லை. அடுத்து அசிட்டேட்டைக் கொண்டு டோசிலேட்டை அகற்றினர். இங்கு மட்டுமே சீர்மையற்ற கார்பனின் பிணைப்பு முறிகிறது. இறுதியில் அசிட்டேட்டை நீராற்பகுத்து ஆல்கஹாலை மீட்டனர். இப்படியிலும் அந்தக் கார்பன் தொடப்படுவதில்லை. ஏறத்தாழ +33° சுழற்சியோடு தொடங்கிய ஆல்கஹால், அதே அளவில் எதிர்த்திசைச் சுழற்சியோடு திரும்பியது. மூன்று படிகளில் ஒரே ஒரு படியில்தான் மாற்றம் நிகழ்ந்திருக்க முடியும். 1923-இல் பிலிப்ஸ் வெளியிட்ட இந்த வாதத்தில் ஐயத்திற்கு இடமில்லை.

அதன்பின் காட்சி விரைவாக மாறியது. 1935-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்ட் ஹியூசும் உடனாய்வாளர்களும் 2-அயோடோஆக்டேனில் கதிரியக்க அயோடினை இட்டு, அயோடின் பரிமாறும் வேகத்தையும் ஒளிச்சுழற்சி குறையும் வேகத்தையும் ஒப்பிட்டனர். பின்னது முன்னதைப்போல் இருமடங்கு. ஒவ்வொரு பரிமாற்றமும் ஒரு மூலக்கூறைத் தலைகீழாக்கினால், அது மாறாத இன்னொரு மூலக்கூறின் சுழற்சியையும் சேர்த்து அழிக்கும். எனவே இருமடங்கு என்பது, நிகழ்ந்த ஒவ்வொரு பதிலீட்டிலும் தலைகீழ் மாற்றம் நேர்ந்தது என்பதற்குச் சமம். விதி நிலைபெற்றது.

1937: இலண்டன் கண்டதும் காணாததும்

விதி கிடைத்தவுடன் விலக்குகள் கண்ணில் படத் தொடங்கின. கௌட்ரி, ஹியூஸ், இங்கோல்ட், மாஸ்டர்மன், ஸ்காட் ஆகியோர் 1937-இல் வெளியிட்ட விரிவான கட்டுரை ஆல்ஃபா-புரோமோபுரோப்பியானிக் அமிலத்தின் எதிரயனியை ஆராய்ந்தது. செறிவான காரத்தில் வினை இரண்டாம் படியில் நிகழ்ந்து, அமைப்பு தலைகீழாகிறது. நீர்த்த காரத்தில் வினைவேகம் ஹைட்ராக்சைடின் செறிவைச் சார்ந்திருப்பதில்லை, அமைப்பும் தக்கவைக்கப்படுகிறது. கென்யனும் பிலிப்சும் உடனாய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1936-இலேயே இதே சிக்கலை லாக்டோன் வழியாக விளக்க முயன்றிருந்தனர்.

இங்கோல்ட் குழுவினரின் விளக்கம் கவனத்துடன் படிக்கத்தக்கது. புரோமைடு பிரிந்ததும் தோன்றும் கார்பன் நேரயனி தட்டையாகிவிடாமல், பக்கத்துக் கார்பாக்சிலேட்டின் எதிர்மின்சுமை அதன் ஒரு பக்கத்தை மறைத்து நிற்கிறது. ஆகவே நீர் மறுபக்கம் வழியாக மட்டுமே வருகிறது என்பது அவர்களது கருத்து. அண்டைத் தொகுதியின் இருப்பு இங்கு முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பணி காவல் பணி. புரோமைடைத் தள்ளியது யார் என்ற வினாவுக்கு அவர்களது விடை, அது தானாகவே பிரிந்தது என்பது. காவலரைப் பங்கேற்பாளராகக் காணும் அடுத்த அடி அங்கு எடுத்துவைக்கப்படவில்லை. அண்டைத் தொகுதியின் முதன்மையைக் கோருவோர் பலரும் கடந்துபோகும் நுட்பம் இது.

இதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இர்விங் ராபர்ட்சும் ஜார்ஜ் கிம்பலும் பதிலீட்டோடு தொடர்பற்றதாகத் தோன்றிய ஒரு சிக்கலைத் தீர்த்தனர். எத்திலீன் வகைச் சேர்மங்களோடு புரோமின் சேரும்போது இரு புரோமின்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்து சேர்வது ஏன்? முதல் புரோமின் இரு கார்பன்களையும் ஒருசேரப் பற்றி மூவணு வளையமாகிறது. ஒரு பக்கம் அடைபட்டதால் இரண்டாவது புரோமின் மறுபக்கமிருந்து வருகிறது என்றனர். புரோமோனியம் அயனி என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது.

பாசடேனா: இழப்பே சான்றானது

சால் வின்ஸ்டீன் 1912-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பாசடேனாவில் உள்ள கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோவர்ட் லூக்கஸின் வழிகாட்டுதலில் 1938-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1939-இல் இருவரும் வெளியிட்ட இரு கட்டுரைகளே இக்கருத்தின் வரலாற்றில் திருப்புமுனை.

எடுத்துக்கொண்ட சேர்மம் 3-புரோமோ-2-பியூட்டனால். இதன் ஹைட்ராக்சில் தொகுதியை ஹைட்ரோபுரோமிக் அமிலத்தால் புரோமினாக மாற்றினால் 2,3-டைபுரோமோபியூட்டேன் கிடைக்கும். இச்சேர்மத்திற்கு எரித்ரோ, திரியோ என இரு வடிவங்கள் உண்டு. எரித்ரோ வடிவம் மீசோ டைபுரோமைடையும், திரியோ வடிவம் வலஞ்சுழி-இடஞ்சுழி இணையான டைபுரோமைடையும் தந்தன. இரண்டிலும் அமைப்பு தக்கவைக்கப்பட்டது. இதுவரை இது இன்னொரு விலக்கு மட்டுமே.

வின்ஸ்டீனும் லூக்கஸும் அடுத்து எழுப்பிய வினாவில்தான் ஆய்வின் கூர்மை உள்ளது. ஒளிச்சுழற்சியுடைய திரியோ வடிவத்தை எடுத்தால் என்னவாகும்? நேரடியாகத் தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தால் மீசோ சேர்மம் கிடைக்க வேண்டும். கட்டற்ற கார்பன் நேரயனி தோன்றினால் மீசோவும் மற்றதும் கலந்து வர வேண்டும். அமைப்பு ஏதோவொரு வழியில் நேரடியாகத் தக்கவைக்கப்பட்டால் விளைபொருள் ஒளிச்சுழற்சியோடு இருக்க வேண்டும். புரோமின் பாலம் அமைத்தால் மட்டும் நான்காவது விளைவு எழும். பாலம் அமைந்த அந்நிலையில் இரு கார்பன்களும் சமமாகி, அயனி தன் ஆடி பிம்பத்தோடு ஒன்றிப்போகிறது. வெளிப் புரோமைடு இரு கார்பன்களையும் சம வாய்ப்போடு தாக்குவதால் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் சமஅளவில் தோன்றிச் சுழற்சி மறைய வேண்டும்.

சுழற்சி மறைந்தது, மீசோ வடிவமும் தோன்றவில்லை. கிடைத்தது சுழிமாய்க் கலவை. ஒப்பீட்டு அமைப்பு முழுவதும் காக்கப்பட்டிருக்க, ஒளிச்சுழற்சி மட்டும் முழுவதும் அழிந்திருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ வேறெந்த விளக்கமும் இடந்தரவில்லை. பொதுவாக ஒளிச்சுழற்சி இழப்பை ஆய்வாளர் தூய்மைக் குறைவாகவோ சோதனைத் தவறாகவோ கருதுவர். இங்கே அந்த இழப்பே எதிர்பார்த்துத் தேடப்பட்ட சான்றாயிற்று.

பிஷருக்கும் இங்கோல்டுக்கும் கிடைத்த சான்றுகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலப்படும். கார்பாக்சிலேட்டின் வழக்கில் இடைநிலைப் பொருள் சீர்மையுடையதன்று. எனவே காவலா, பிணைப்பா என்பதைச் சுழற்சி அளவைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. புரோமினின் வழக்கில் அண்டை அணுவும் வெளியிலிருந்து வரும் அணுவும் ஒரே தனிமம். எது பழையது, எது புதியது என்று மூலக்கூறுக்கே தெரியாத நிலை உருவாகிறது. அண்டைத் தொகுதி வினையில் பங்கேற்கிறது என்பதை உறுதிப்படுத்தியது இந்தச் சேர்மத் தெரிவு. ஆகவே நிகழ்வைக் கண்ட முதன்மை இலண்டனுக்கும், கருத்தாக்கத்தின் முதன்மை பாசடேனாவுக்கும் உரியன எனக் கொள்வதே பொருந்தும்.

சிறிதளவு நீர்

1941-இல் லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பிய வின்ஸ்டீன், மறு ஆண்டு ராபர்ட் பக்கிள்ஸுடன் சேர்ந்து, பதிலீட்டு வினைகளில் அண்டைத் தொகுதிகளின் பங்கு என்னும் பொதுத்தலைப்பில் எண்ணிட்ட கட்டுரை வரிசையைத் தொடங்கினார். பங்கு என்ற சொல் தலைப்பிலேயே இடம்பெற்றதை இங்குச் சுட்ட வேண்டும்.

இவ்வரிசையின் இரண்டாம் கட்டுரை, அசிட்டிக் அமிலத்தில் கலந்த சிறிதளவு நீர் ஏற்படுத்தும் மாற்றத்தைப் பற்றியது. வளையஹெக்சேனின் அடுத்தடுத்த கார்பன்களில் எதிரெதிர்ப் பக்கமாக ஒரு புரோமினும் ஓர் அசிட்டாக்சித் தொகுதியும் உள்ளன எனக் கொள்வோம். நீரற்ற அசிட்டிக் அமிலத்தில் வெள்ளி அசிட்டேட்டோடு வினைப்படுத்தினால் எதிர்ப்பக்க டைஅசிட்டேட்டு கிடைக்கிறது. அதாவது அமைப்பு தக்கவைக்கப்படுகிறது. சிறிது நீர் கலந்திருந்தால் ஒருபக்க மோனோஅசிட்டேட்டு கிடைக்கிறது. அதாவது அமைப்பு தலைகீழாகிறது. இரண்டுக்கும் ஒரே இடைநிலைப் பொருள்: அசிட்டாக்சித் தொகுதியின் இரண்டாவது ஆக்சிஜன் புரோமின் நீங்கிய கார்பனைப் பற்றி அமைத்த ஐந்தணு வளையம். அசிட்டேட்டு அந்த வளையத்தை வளையஹெக்சேனின் கார்பனில் தாக்கித் திறக்கிறது. நீரோ இரு ஆக்சிஜன்களுக்கு நடுவிலுள்ள கார்பனில் சேர்கிறது. அதனால் இரு ஆக்சிஜன்களும் ஒரே பக்கத்தில் நிலைத்துவிடுகின்றன. ஹோல்ம்பெர்க்கின் லாக்டோனில் கண்ட இரு வாயில்களே இங்கும் உள்ளன.

நடைமுறை வேதியியலில் இதற்குப் பெரும்பயன் உண்டு. 1933-இல் சார்ல்ஸ் பிரெவோ அயோடினையும் வெள்ளி பென்சோயேட்டையும் கொண்டு, நீரற்ற நிலையில், இரட்டைப் பிணைப்பின் மீது இரு ஆக்சிஜன்களை எதிரெதிர்ப் பக்கங்களில் ஏற்றும் முறையைக் கண்டிருந்தார். ஈரமான அசிட்டிக் அமிலத்தில் வெள்ளி அசிட்டேட்டைக் கொண்டு இரண்டையும் ஒரே பக்கத்தில் ஏற்றும் முறை உட்வர்டின் பெயரால் வழங்குகிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் அடிப்படை சிறிதளவு நீரே.

வினைவேகமும் பங்கேற்புக்குச் சான்று பகர்ந்தது. 1948-இல் வெளியான அளவீடுகளின்படி, எதிர்ப்பக்க அசிட்டாக்சித் தொகுதியுடைய டோசிலேட்டு அதன் ஒருபக்க வடிவத்தைவிட ஏறத்தாழ 670 மடங்கு விரைவாக அசிட்டிக் அமிலத்தில் வினைபுரிகிறது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே. தொலைவும் ஏறத்தாழ ஒன்றே. பின்புறமிருந்து தாக்கும் வாய்ப்பு ஒன்றுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. அருகில் இருப்பது மட்டும் போதாது. உரிய பக்கத்தில் இருக்க வேண்டும்.

கந்தகமும் நைட்ரஜனும்

மேற்கண்ட ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, போரின் தேவையால் வேறு ஆய்வகங்களில் அண்டைத் தொகுதி ஆராயப்பட்டுவந்தது. 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியப் படை பயன்படுத்திய கடுகு வாயு, ஒரு கந்தக அணுவின் இருபுறமும் குளோரோஎத்தில் தொகுதிகளைக் கொண்ட எளிய சேர்மம். கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது ஏறத்தாழ மந்தமான ஈதர். எத்தில் தொகுதியை மறுபுறம் கொண்ட ஒற்றைக் குளோரைடுகளை ஒப்பிட்டால், கந்தகச் சேர்மம் ஆக்சிஜன் சேர்மத்தைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு விரைவாக நீராற்பகுப்படைகிறது. கந்தகம் தன் தனித்த எலக்ட்ரான் இணையால் குளோரினைப் பின்புறமிருந்து தள்ளி, மூவணு சல்போனியம் வளையமாகிறது. அந்த வளையம் தோலிலும் கண்ணிலும் நுரையீரலிலும் உள்ள புரதங்களையும் நியூக்ளிக் அமிலங்களையும் உடனே பற்றிக்கொள்கிறது.

நீரில் கரைந்த கடுகு வாயுவின் நீராற்பகுப்பு காரத்தைச் சேர்ப்பதால் விரைவுபடுவதில்லை. குளோரைடு உப்பைச் சேர்த்தால் தாமதமாகிறது. மந்தமான படி மூலக்கூறின் உள்ளேயே நிகழ்கிறது என்பதற்கு இது அடையாளம். நீர்த்த காரத்தில் புரோமோபுரோப்பியனேட்டு காட்டியதும் இதே அடையாளந்தான். இரண்டாம் உலகப்போரின்போது ஆக்ஸ்போர்டில் ஓக்ஸ்டன் குழுவினர் இவ்வினைகளின் வேகங்களை அளந்தனர். பார்ட்லெட்டும் ஸ்வெயினும் 1949-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு அதை முழுமையாக்கியது. இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபியூசன் குழுவினர் 1946-இல் இன்னும் எளிய சான்றைத் தந்தனர். கந்தகமும் ஹைட்ராக்சிலும் இடம் மாறி அமைந்த இரு வேறு ஆல்கஹால்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஒரே குளோரைடைத் தந்தன. இரண்டும் ஒரே வளையத்தின் வழியாகச் சென்றால் அன்றி அது நேராது.

கந்தகத்திற்குப் பதில் நைட்ரஜனை வைத்த கடுகுச் சேர்மங்களை லூயி குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் யேல் பல்கலைக்கழகத்தில் போர்க்கால மறைவில் ஆராய்ந்தனர். 1942-இல் நிணநீர்ப் புற்று கொண்ட ஒரு நோயாளிக்கு முதன்முதலில் அது செலுத்தப்பட்டது. 1946-இல்தான் உலகம் இதை அறிந்தது. புற்றுநோய்க்கான வேதிமருத்துவம் இங்கிருந்து வளர்ந்தது. இங்கும் மூவணு வளையமே செயற்படுகிறது, டி.என்.ஏ.யில் குவானினின் நைட்ரஜனை அது பற்றுகிறது என்பதை புரூக்ஸும் லாலியும் 1960-களின் தொடக்கத்தில் காட்டினர்.

மருந்தாக்கத்தில் அண்டைத் தொகுதிக் கருத்து நேரடிக் கருவியாயிற்று. முதல் நைட்ரஜன் கடுகுச் சேர்மம் மிக விரைவாக வளையமாவதால் குருதி நாளத்தில் மட்டுமே செலுத்த முடிந்தது. நைட்ரஜனோடு பென்சீன் வளையத்தை இணைத்தால் அதன் எலக்ட்ரான் இணை ஓரளவு அவ்வளையத்திற்குள் இழுக்கப்பட்டு, தாக்கும் ஆற்றல் குறையும். 1950-களின் முற்பகுதியில் இலண்டன் செஸ்டர் பீட்டி நிறுவனத்தில் உருவான குளோராம்புசில், மெல்ஃபலான் ஆகியவை இந்த அடிப்படையில் அமைந்தவை, வாய்வழி உட்கொள்ளத்தக்கவை. அண்டைத் தொகுதியின் வேகத்தைத் தணிப்பதே நஞ்சை மருந்தாக்கியது.

பெயரும் பூசலும்

நிகழ்வு நிலைபெற்றபின் பெயர் தேவைப்பட்டது. 1951-இல் இங்கோல்ட் குழுவினர் ஒருங்கே கட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க அடியிலிருந்து ‘சினார்டெட்டிக்’ என்ற சொல்லை முன்வைத்தனர். 1953-இல் வின்ஸ்டீன் குழுவினர் அண்மை, பகுதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஆங்கிமெரிக்’ உதவி என்றனர், பின்னதே நிலைத்தது. தமிழில் அயல் என்னும் சொல்லையும் இங்கு ஆளலாம் என்றாலும், அது இன்று அந்நியம் என்ற சாயலையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒட்டியிருந்து உதவுவதை அண்டை என்ற சொல்லே நன்கு உணர்த்துகிறது.

எலக்ட்ரான் இணையுடைய ஆக்சிஜன், கந்தகம், புரோமின் ஆகியவை பங்கேற்பதில் 1940-களுக்குப் பின் கருத்து வேறுபாடு இல்லை. சாதாரணக் கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பும் அண்டையாகப் பங்கேற்குமா என்பதில்தான் பெரும் பூசல் எழுந்தது. வின்ஸ்டீனும் டிரைஃபனும் 1949-இல் நார்போர்னைல் சேர்மங்களின் இரு வடிவங்களுக்கிடையே 350 மடங்கு வேக வேறுபாட்டைக் கண்டு, ஆம் என்றனர். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பிரவுன் 1960-கள் தொடங்கி அதனை விடாது மறுத்தார். 2013-இல் அந்த அயனியின் படிக அமைப்பே வெளியிடப்பட்டு வின்ஸ்டீனின் கருத்து உறுதியாயிற்று. 1969-இல் மறைந்த அவர் அதைக் காணவில்லை. இப்பூசலின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கியது பென்சீன் வளையம் பற்றிய இன்னொரு பூசல். 1949-இல் டொனால்ட் கிராம், 3-ஃபீனைல்-2-பியூட்டைல் டோசிலேட்டைக் கொண்டு வின்ஸ்டீன்-லூக்கஸ் சோதனையின் தருக்கத்தையே மீண்டும் நிகழ்த்தினார். ஒளிச்சுழற்சியுடைய திரியோ வடிவம் சுழிமாய்க் கலவையைத் தந்தது. எரித்ரோ வடிவம் சுழற்சியைக் காத்தது. புரோமினைப்போல் ஃபீனைல் தொகுதியும் பாலம் அமைக்கிறது என்பது அவரது முடிவு. வேக உயர்வு மிகச் சிறிதாக இருப்பதைச் சுட்டிப் பிரவுன் இதையும் ஐயுற்றார். ஃபீனைல் உதவும் வழியும் கரைப்பான் நேராகத் தாக்கும் வழியும் ஒன்றோடொன்று போட்டியிட்டு நிகழ்கின்றன என்பதை ஷ்லேயர் குழுவினர் வேக அளவுகளையும் விளைபொருள் அளவுகளையும் பொருத்திக் காட்டினர். 1970-இல் பிரவுனும் ஷ்லேயரும் ஒரே கட்டுரையில் பெயர் சேர்த்து வெளியிட்டனர். வேதியியலில் அரிதாகக் காணும் காட்சி இது.

இதற்கிடையில், 1952-இல், வின்ஸ்டீன் குழுவினர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சேர்மங்களில் ஒன்று 1-ஃபீனைல்-2-புரோப்பைல் டோசிலேட்டு. பாட்டர்சியில் பிலிப்ஸ் தலைகீழ் மாற்ற விதியை நிறுவப் பயன்படுத்திய அதே சேர்மம். கருக்கவர் திறன் மிக்க எத்தனாலில் பெரும்பகுதி தலைகீழாயிற்று. அசிட்டிக் அமிலத்தில் அப்பகுதி குறைந்தது. கருக்கவர் திறன் மிகக் குறைந்த ஃபார்மிக் அமிலத்திலோ பெரும்பகுதியில் அமைப்பு தக்கவைக்கப்பட்டது. கார்பாக்சில் இல்லாத மூலக்கூறில் ஃபீனைல் வளையம் அண்டையாக அமர்ந்திருந்தது. 1923-இல் பிலிப்ஸ் ஆல்கஹால் கரைசலில் வலிய கருக்கவர் பொருளான அசிட்டேட்டைப் பயன்படுத்தியதால் அந்த அண்டைக்கு வாய்ப்புக் கிட்டவில்லை.